அம்சாவின் டிமாண்ட்

1936 பிப்ரவரி 28, வெள்ளி. பாகூர்.

காலையில் நல்ல பனி. ஏரிக்கரை வெகுநேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. கரும்புத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். வீடு முழுக்க அந்த வாசனை, தலைமயிரில்கூட.

கடலூரிலிருந்து பரீட்சைச் சீட்டு வந்தது. மார்ச் 23, திங்கள். காலை இங்கிலீஷ், மத்தியானம் கணக்கு. அம்சா வாங்கிப் படித்தாள், சுவாமி படத்துக்குப் பின்னால் செருகினாள், நேராகப் போய் அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

அம்சா இவருடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய, தங்கை. முப்பத்தைந்து நடக்கிறது. புருஷன் இறந்த வருஷமே எங்களோடு வந்துவிட்டவள். கடலூர் டிரெயினிங் பள்ளியில் விதவைகளுக்கு இடம் தருகிறார்கள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. முடித்தால் வாத்தியாரம்மா. ஆனால் எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் இங்கிலீஷோடு தேறியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஆக, இந்த ஒரு தடவைதான்.

தவறினால் கரியமாணிக்கம். அங்கே அவள் மச்சாண்டார், புருஷனின் அண்ணன், மனைவியை இழந்து நாலு பிள்ளைகளோடு தவிக்கிறார். அ. வந்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீபாவளியிலிருந்து சொல்லி அனுப்புகிறார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் மறுப்பது சுலபம்.

(அ. என்றே இனி எழுதுகிறேன். நிப்பு தேய்ந்துவிட்டது.)

கணக்கில் பயமில்லை. இலக்கணமும் பரவாயில்லை. பழைய கேள்வித்தாள்களை இவர் வாங்கி வந்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரு மேடைப் பேச்சு எழுதச் சொல்லியிருக்கிறது. இருபது மார்க். அங்கேதான் இடிக்கிறது. அ. பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா சான்றிதழ் வாங்கியவள். இங்கிலீஷ் என்னிடம் கற்றது. பதிலுக்கு எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்தாள். நான் மக்குப் பிள்ளை.

தாள்களில் இதுவரை கேட்டிருக்கிற பேச்சுகள்:
ஊருக்கு வரும் ஜில்லா போர்டுத் தலைவருக்கு வரவேற்பு.
மாற்றலாகிப் போகும் தலைமை ஆசிரியருக்கு வழியனுப்பு.
சிக்கனம்.
கால்பந்தில் ஜெயித்தவர்களுக்குப் பரிசு கொடுத்துப் பேசுவது.

அ. கடைசியைப் படித்துவிட்டு: "பந்த ஒதைச்சதுக்கா அண்ணி பரிசு? நம்ம செவலை மாடு நேத்து பால் சொம்பையே ஒதைச்சிதே, அதுக்கு இன்னா குடுக்கலாம்?"

வாங்க: கோடு போட்ட தாள், நீல மை, தடித்த நிப்பு (மெல்லியதில் அ. தாளைக் கிழிக்கிறாள்), மிளகு.

மார்ச் 2, திங்கள்

பனி குறைந்தது. முருங்கை பூத்துவிட்டது.

முதல் பேச்சு, போர்டுத் தலைவருக்கு வரவேற்பு. எழுதினால் போதாது, உரக்கப் படித்தால்தான் ஓட்டை தெரியும் என்றேன். தலைவர் வேண்டுமே. இவரைப் பிடித்துச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். துண்டை மாலையாகப் போட்டுக்கொண்டார். இங்கிலீஷ் இவருக்கு எஸ், நோ, தேங்க்யூ. தலைவருக்கு அது போதும் என்றார்.

அ. ஆரம்பித்தாள். முதலில் "மெஸ்யே, மதாம்" என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்தி, மறுபடி "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்". பிறகு, நீங்கள் எல்லோரும் எங்கள் கூட்டத்தை "அசிஸ்ட்" பண்ணுகிறீர்கள் என்று ஒரு வரி. எனக்குப் புரியவில்லை. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வந்திருப்பது, கலந்துகொள்வது என்று பொருளாம். இங்கிலீஷில் ஒத்தாசை பண்ணுவது. அடித்தேன்.

அடுத்து வந்தது: "வீ டிமாண்ட் யூ எ வெல், சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கிணறு வெட்டிக்கொடு, இல்லாவிட்டால் பார் என்று அதட்டுகிற மாதிரி. தலைவரின் சட்டையைப் பிடித்துக் கேட்கிற மாதிரி. தலைவர் இதற்குள் தூங்கியிருந்தார்.

அ. சிரிக்கவில்லை. தாளை மடித்தாள். "இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது? கையக் கட்டிக்கினு கேக்கற வார்த்தையத்தானே போட்டேன்."

அப்புறம்தான் உறைத்தது. இந்த ஊரில் மேரியில், அதுதான் ஊர்க் கச்சேரியில், மனுக் கொடுப்பதற்குத் தெமாந்து போடுவது என்றுதான் பேச்சு. பிரெஞ்சில் தெமாந்தே என்றால் கேட்பது. வெறுமனே கேட்பது. அ. எத்தனை பேருக்குத் தெமாந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். வாய்க்கால் தகராறு, பிறப்புச் சீட்டு, புருஷன் ஓடிப்போனவள் ரோஷமாய் அழுத அழுகை, எல்லாம் அவள் கையெழுத்தில்தான் மேரிக்குப் போகும். அவளுக்கு அது உலகத்திலேயே பணிவான சொல். ஏறக்குறைய அதே எழுத்து, அதே ஒலி. பெண்ணையாற்றைத் தாண்டி இங்கிலீஷ் சர்க்கார் எல்லைக்குள் போனதும் முஷ்டியை மடக்கிக்கொள்கிறது.

இதைச் சொன்னேன். அ. மடித்த தாளைப் பிரித்தாள். பிறகு கேட்டாள், அப்படியானால் கைகட்டிக் கேட்க இங்கிலீஷில் என்ன சொல். ரிக்வெஸ்ட் என்றேன். ஹம்ப்ளி சேர்த்தால் இன்னும் நல்லது.

"ஹம்ப்ளின்னா?"

தாழ்மையோடு என்றேன்.

"அத வேற தனியா சொல்லணுமா" என்றாள்.

சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 4, புதன்

மரைக்காயர் கடைக்கு அ.வும் நானும். தாள், மை, நிப்பு கிடைத்தன. மிளகு மறந்தேன்.

டிமாண்ட் விஷயத்தை அ. தானே அவரிடம் சொல்லிக் காட்டினாள். கோபம் போய்விட்டது என்று தெரிந்தது. மரைக்காயர் வாலிபத்தில் சைகோனில் இருந்தவர். இரண்டு பாஷையும் வாய்க்கு வரும், எழுத வராது. அவருக்கும் இது நடந்திருக்கிறதாம். கப்பலில் ஓர் இங்கிலீஷ்காரனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார், ஐ டிமாண்ட் வாட்டர் என்று.

"அவன் எய்ந்து நின்னுக்கினான் தங்கச்சி. இத்தாம் பெரிய ஆளு. நான் தாகத்துல கேக்கறேன், அவன் சண்டைக்கு வந்துட்டான்னு நெனைச்சிக்கினான்."

அ. கேட்டாள்: "தண்ணி குடுத்தானா இல்லியா?"

"குடுத்தான். ரெண்டு கிளாஸு."

வீடு வரும்வரை அ. சிரித்துக்கொண்டே வந்தாள். ரிக்வெஸ்ட் என்றிருந்தால் ஒரு கிளாஸ்தான் கிடைத்திருக்கும் என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

வெயில் ஏறுகிறது. கொல்லைப் புடலைக்கு இரண்டு வேளை தண்ணீர்.

மாதிரிப் பேச்சு ஒன்று நான் எழுதினேன். மத்தியானம் முழுக்க. அது எனக்கு அளவில்லாத ஆனந்தம் தருகிறது என்று தொடங்கி, தங்கள் பொன்னான நேரம் என்று நடந்து, தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம் என்று முடியும். சென்னையில் கல்லூரி விடுதியில் இப்படித்தான் எழுதுவோம். ஒவ்வொரு வாக்கியமும் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு வரும்.

எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். பி.ஏ. முடித்து இந்த ஊருக்கு வந்த பிறகு இங்கிலீஷில் நான் எழுதியதெல்லாம் அப்பாவுக்குக் கடிதம். அவர் போன பிறகு அதுவும் இல்லை. இங்கே சர்க்காரும் பிரெஞ்சு, பள்ளிக்கூடமும் பிரெஞ்சு. என் படிப்பு தட்டுமுட்டு அறையில் கிடக்கிற ஹார்மோனியம் மாதிரி. இன்று திறந்து வாசித்தேன். சில கட்டைகள் பேசவில்லை. "ரிசீவ்" எழுதுவதற்குள் அகராதி தேட வேண்டியிருந்தது.

அ. அதை உருப்போடுகிறாள். அம்மிக்கு முன்னால், மாட்டுக்கு முன்னால். அளவில்லாத ஆனந்தத்தில் வந்து நின்று, "அண்ணி, யாருக்கு ஆனந்தம்? எனக்கா? அந்த ஆள இன்னும் நான் கண்ணால பாக்கவே இல்லியே" என்கிறாள்.

பேச்சு என்றால் அப்படித்தான் என்றேன். பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

மார்ச் 8, ஞாயிறு. மாசி மகம்.

விடிவதற்குமுன் வண்டி வண்டியாகக் கடலுக்கு ஜனம். நாங்கள் போகவில்லை. அ.வுக்குச் சிக்கனம் பற்றிய பேச்சு இருந்தது.

தீர்த்தமாடிவிட்டு நேராக இங்கே வந்தார் கரியமாணிக்கத்து மச்சாண்டார். ஈரத் தலை, திருநீறு, கையில் பொரி. கடைசிப் பையனைத் தோளில் தூக்கி வந்திருந்தார். பையனுக்குச் சளி. மூக்கைத் தன் மேல்துண்டாலேயே துடைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகிவிட்டது. இளகக் கூடாது என்று காப்பி போடப் போனேன்.

அ. வழக்கம்போல் உள்ளறைக் கதவுக்குப் பின்னால்.

கரும்பு விலை பேசினார், மழை பேசினார், பிறகு விஷயம். ரொம்பப் பணிவாகத்தான். இவரிடம் சொன்னார், கதவுக்குக் கேட்கும்படி.

"நான் கேட்டுக்கறேன் மாப்ள, அவ்ளோதான். கட்டாயம் ஒண்ணும் இல்ல. சித்திரை பொறந்ததும் வண்டி அனுப்பறேன். மச்சு அறைய வெள்ளையடிச்சாச்சி."

பரீட்சை இருக்கிறதே என்றார் இவர். எழுதட்டும், எழுதிவிட்டு வரட்டும் என்றார் அவர். தேறிவிட்டால் என்று இவர் இழுத்தார். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பையன் கதவு வரை தத்தி நடந்து போய், கதவுக்குக் கீழே தெரிந்த புடவை நுனியைப் பிடித்து இழுத்தான். அ. கையை மட்டும் நீட்டி ஒரு பொரி உருண்டை கொடுத்தாள்.

போன பிறகு நான் நினைத்தது: கேட்டுக்கொள்கிறேன் என்பவர் எதற்கு அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். சொல் பிரெஞ்சு, பொருள் இங்கிலீஷ்.

அ.விடம் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையன் மூக்கு ஒழுகுவதற்கு ஓமம் வறுத்து முகரவைக்க யாரும் இல்லையா என்று மட்டும் கேட்டாள். பிறகு சிக்கனத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

வயலில் வேலை செய்யும் பாக்கியம் இன்று போர்டுத் தலைவராக இருந்தாள். இவர் மாட்டேன் என்றுவிட்டார், தூக்கம் வருகிறதாம். பாக்கியம் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கம்பீரமாகக் கேட்டாள். முடிந்ததும், "ஏதோ வாழ்த்தறாப்பல இருக்குது. ஆனா எங்கிட்ட இன்னா வேணும்னு தெரியல" என்றாள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது அவளுக்கு. பேச்சு முழுக்க அ.வின் குரல் ஒரே உயரத்தில் போகிறது, அதை வைத்துச் சொல்லியிருப்பாள்.

தலைமை ஆசிரியர் வழியனுப்பு: சுமார். கால்பந்து: மோசம்.

இடது கண்ணில் எனக்கு நீர். கடைசல்காரனிடம் கட்டில் கால். மிளகு.

மார்ச் 17, செவ்வாய்

நல்ல வெயில். காற்றே இல்லை. சண்டை.

அ. ஒரு பேச்சைத் தானாக எழுதினாள், மாதிரி பார்க்காமல். ஊருக்கு என்ன தேவை என்று. நான் திருத்தினேன். சிவப்பு மை கிடைக்காததால் நீலத்திலேயே அடித்து மேலே எழுதினேன். முடித்துவிட்டு நீட்டினேன். அவள் அதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எது அண்ணி எங்கெழுத்து?"

தப்புகளைத்தானே திருத்தினேன் என்றேன்.

"கெணறு தூரத்துல இருக்குது, பொம்பளைங்க இடுப்பு ஒடியுதுன்னு எழுதியிருந்தேன். அது தப்பா? அத அடிச்சிட்டு, குடிநீர் வசதியின்மையால் அன்னையர் அல்லலுறும் நிலைன்னு போட்டிருக்கற. பரீட்சைல நீ வந்து ஒக்காரப் போறியா?"

எனக்கும் கோபம். இத்தனை நாள் பாடுபட்டதற்கு இதுவா என்று ஏதோ சொன்னேன். அவள் தாளை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானச் சாப்பாடு பேச்சில்லாமல். இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றார். இன்று ரசம் வைக்கவில்லை, அது மோர்க்குழம்பு.

பிறகு தனியாக உட்கார்ந்து என் நீல மைக்கு அடியில் அவள் எழுதியிருந்ததைப் படித்தேன். சின்னச் சின்ன வாக்கியம். கிணறு தூரம். பானை கனம். மழையில் பாதை போய்விடும். பெண் குழந்தைகள் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு நிற்கிறார்கள், ஏனென்றால் அதற்குமேல் பள்ளி இல்லை. இரண்டே தப்புகள். ஒரு எஸ் எழுத்து, ஒரு வினைக் காலம். மற்றதெல்லாம் என் பட்டுப்புடவைகள்.

பாக்கியத்துக்கு இது புரிந்திருக்கும், இங்கிலீஷிலேயே.

சாயங்காலம் நான் அந்த இரண்டு தப்பையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. அவள் படித்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பாதியை என் பக்கம் தள்ளினாள். இருவரும் ஆய்ந்தோம்.

எழுந்திருக்கும்போது கேட்டாள், ரிக்வெஸ்டுக்கும் டிமாண்டுக்கும் நடுவில் இங்கிலீஷில் ஒரு சொல் இல்லையா என்று. ஆஸ்க் இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டு, "அது வழி கேக்கறதுக்கு" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு. கடலூர், என் தம்பி வீடு.

வெயில் தாழ வண்டி கட்டினோம். அ., நான், வண்டிக்காரர். சோரியாங்குப்பம் தாண்டி ஆற்று மணலில் சக்கரம் புதைந்து இறங்கி நடந்தோம். ஆற்றில் கணுக்கால் தண்ணீர். அ. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை ஒரு கையிலும் கேள்வித்தாள் கட்டை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் பரீட்சைக் கவலை இல்லை. தண்ணீரைத் தள்ளித் தள்ளி நடந்தாள்.

அக்கரையில் சுங்கச் சாவடி. பிரெஞ்சுச் சாராயம், பட்டு ஏதாவது இருக்கிறதா என்று மூட்டையைப் பிரித்தார் சுங்கக்காரர். புளியோதரை, மாற்றுப் புடவை, தாள்கட்டு. தாளை எடுத்து இங்கிலீஷ் தெரிந்த தோரணையில் படித்தார். லேடீஸ் அண்ட் ஜென்டில்மென். முகம் மாறியது.

"இன்னாம்மா இது, மேடைப் பேச்சா? சுயராஜ்யக் கூட்டமா?"

பரீட்சைக்கு என்றேன். அவர் காதில் வாங்காமல் புரட்டினார். அகப்பட்டது சரியாக அந்த முதல் தாள். நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டியது. வீ டிமாண்ட். அந்த இடத்தில் விரலை வைத்தார். சாவடிக்குள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அந்தச் சொல்லைப் பார்த்தார்கள். இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டால் நாளைக் காலைப் பரீட்சை போச்சு.

அ. முன்னால் வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கிற அ. இல்லை.

"கெணறுதாங்க கேட்டிருக்கறேன். அடுத்த வார்த்தையையும் படிங்க."

படித்தார். எ வெல், சார். இன்னொருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கெணத்துக்கா இம்மாங் கோவம்" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். புளியோதரை மணக்கிறது என்றார்கள். கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தோம்.

வண்டியில் அ. தாள்கட்டை மறுபடி கட்டினாள். மஞ்சக்குப்பம் வரும்போது, "ரெண்டு பேரும் எய்ந்து நின்னுக்கினாங்க, பாத்தியா?" என்றாள்.

மார்ச் 23, திங்கள். கடலூர்.

கடற்காற்று. காலையில் அ.வுக்கு இட்லி இறங்கவில்லை, மோர் மட்டும். பரீட்சை மண்டபத்தில் பாவாடை தாவணிப் பெண்களுக்கு நடுவே வெள்ளைப் புடவையில் இவள் ஒருத்தி. மேற்பார்வை அம்மாள் இவளையே ஆசிரியை என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னாளாம்.

வாசலில் வேப்பமரத்தடியில் நான் காத்திருந்தேன். பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு மரத்தடியில் நிற்கும் கொடுப்பினை எனக்கு இல்லை. நாத்தனார் மூலமாகக் கிடைத்தது.

மணி அடித்து வெளியே வந்தாள். விரலெல்லாம் மை. பேச்சு என்ன வந்தது என்றேன். போர்டுத் தலைவர்தான் வந்தார் என்றாள், யாரோ உறவுக்காரர் ஊரிலிருந்து வந்த மாதிரி. உங்கள் ஊருக்கு வரும் தலைவரிடம் ஊரின் தேவைகளை எடுத்துச் சொல்லிப் பேசு. அப்பாடா என்றேன். மீதியை மத்தியானப் பரீட்சை முடியட்டும் என்றுவிட்டாள்.

கணக்கு சுலபமாம்.

சாயங்காலம் தம்பி வீட்டுக் கிணற்றடியில் மை கழுவும்போது சொன்னாள். ஆனந்தம் போடவில்லை. ஐயா வந்ததற்கு நன்றி என்று ஒரு வரி. பிறகு தேவைகள். அதை இங்கிலீஷிலேயே சொல்லிக் காட்டினாள், மேடையில் நிற்கிற மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"ஃபார் தி வெல், வீ ரிக்வெஸ்ட் யூ, சார். ஃபார் தி ரோட், வீ ரிக்வெஸ்ட் யூ, சார். ஃபார் தி கேர்ள்ஸ் ஸ்கூல், வீ டிமாண்ட்."

கிணற்றுக்கும் சாலைக்கும் வேண்டுகிறோம். பெண் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தச் சொல். சார்கூடப் போடவில்லை.

மறந்துபோய் எழுதிவிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரிஞ்சிதான் அண்ணி போட்டேன். ரெண்டு தடவ கையக் கட்டிக் கேட்டேன். மூணாவது தடவ கட்ட மாட்டேன்."

நன்றாகத்தான் இருக்கிறது. என் பட்டுப்புடவை வாக்கியம் ஒன்றும் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் திருத்துகிறவருக்கு எப்படித் தெரியும்? பாண்டிச்சேரிப் பக்கத்துப் பெண், பிரெஞ்சுப் பழக்கத்தில் சொல் தெரியாமல் போட்டுவிட்டாள் என்று அடிப்பார். தெரிந்து போட்டது என்று புரிந்தால், திமிர் என்று இன்னும் இரண்டு கூட்டி அடிப்பார். இரண்டு வழியிலும் மார்க் போகும். இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் மை போகும்வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு மாதிரி ஏதோ முனகினாள்.

ஏப்ரல் 15, புதன்

திங்களன்று சித்திரை பிறந்தது. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ.

கரியமாணிக்கத்திலிருந்து சொன்னபடி வண்டி வந்தது, காலியாக. இவர் இரண்டு மூட்டை தேங்காய் ஏற்றித் திருப்பி அனுப்பினார். முடிவு வரட்டும், அதுவரை பொறுக்கச் சொல் என்று வண்டிக்காரரிடம் தகவல். இத்தனை தெளிவாக இவர் பேசி நான் கேட்டதில்லை. போர்டுத் தலைவராக உட்கார்ந்த ராசி போலிருக்கிறது.

வண்டி திரும்பும்போது அ. ஓம மூட்டை ஒன்றும் வைத்து அனுப்பினாள், கடைசிப் பையனுக்கு.

நான் நினைத்துப் பார்க்கிறேன். தேறினால் இந்த வீட்டில் என்னோடு பேச யார். தேறாவிட்டாலும் அதேதான். இரண்டிலும் அவள் போகிறாள். எந்தப் பக்கம் போகிறாள் என்பதுதான். அப்படியானால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கமே போகட்டும். இப்படி எழுதியதும் மனம் லேசாயிற்று.

மிளகு வாங்கியாயிற்று, கடைசியில்.

மே 20, புதன்

அக்கினி வெயில். ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர். எருமைகள் எல்லாம் அங்கே.

தேறிவிட்டாள்.

தம்பியின் கார்டு காலைத் தபாலில். தேறியவர்கள் பட்டியலில் நம்பர் இருக்கிறது, இங்கிலீஷ் உள்பட. மார்க் தனியாகத் தெரியாது. அந்த டிமாண்டைத் திருத்தியவர் தப்பென்று அடித்தாரா, நிமிர்ந்து உட்கார்ந்தாரா, எங்களுக்குத் தெரியவே போவதில்லை. மரைக்காயரிடம் அ. சொன்னாளாம். "ரெண்டு கிளாஸு குடுத்திருப்பான் தங்கச்சி" என்றாராம்.

இவர் கார்டை நாலு தரம் படித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "தேங்க்யூ" என்றார். அ. சிரித்துச் சிரித்து அழுதாள்.

மே 24, ஞாயிறு

மச்சாண்டார் வந்தார். மாம்பழக் கூடை, நாலு பிள்ளைகளும். கேள்விப்பட்டிருக்கிறார். இருந்தாலும் வந்தார்.

இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. தேறியதில் சந்தோஷம் என்றார். நம் குடும்பத்துப் பெண் அக்கரையில் போய்த் தனியாக விடுதியில் இருப்பது ஊர் பார்வைக்கு எப்படிப் படும் என்றார். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டுதானே எதையும் செய்ய வேண்டும் என்றார். இவர் தொண்டையைச் செருமினார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. அ. கூடத்துக்கு வந்தாள். பையன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். தலைக் குனிவு இல்லை, குரலில் கடுமையும் இல்லை.

"ஜூன்ல கடலூருக்குப் போறேன் மாமா. லீவுக்கு வந்து பசங்களப் பாத்துக்கறேன்."

"கேக்கறியாம்மா?"

"கேக்கல மாமா. சொல்றேன்."

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி எழுந்து நின்றார். கோபித்துக்கொண்டு புறப்படுகிறாரோ என்று நானும் எழுந்தேன். அவர் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்து அவள் கையில் கொடுத்தார்.

"இது பழுத்திருக்குது. மத்ததெல்லாம் ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

வாங்க: டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு. நீல மை, இரண்டு புட்டி. எனக்கும் ஒரு நிப்பு, தடித்தது. கடிதம் எந்தப் பாஷையில் என்று அவளைக் கேட்க வேண்டும்.